வெள்ளோட்டம்

போவதைப் பற்றிக் கவலையில்லை, அப்பா இருக்கிற சேம்பாறைக்குப் போவது முழுக்க இறக்கம், உருட்டிவிட்டால் வெறும் டயர்கூடப் போய்ச் சேர்ந்துவிடும், திரும்பி மேலே வருவதுதான் எனக்குத் தெரிய வேண்டும் என்று ஷோரூமில் தமீமிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "அப்பன்னா பெரிய வண்டிய எடுத்துட்டுப் போங்கக்கா, சின்னது சமதரைக்குத்தான், இது மேட்டுல நின்னு கிளம்பும்" என்றார். சின்ன வண்டிதான் எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளை நிறம், கையில் பிடித்தால் சைக்கிள் போல லேசு, நிறுத்தினால் கால் தரையில் எட்டியது. ஆனால் காலையில் அதை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டு மேட்டில் ஏறும்போதே அதற்கு மூச்சு வாங்கியது, வேகம் குறைந்து குறைந்து, பக்கத்தில் தோளில் மூட்டையோடு நடந்துபோனவர் என்னைத் தாண்டிப் போனார், தாண்டும்போது திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டதுபோலக்கூட இருந்தது. அதனால் இப்போது இந்தக் கனமான சாம்பல் நிற வண்டி. ஒரு சார்ஜுக்கு என்று கம்பெனி சொல்கிற கிலோமீட்டரில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள், மிச்சம் இருப்பதுதான் கொடைக்கானல் கணக்கு என்று தமீம் உண்மையைச் சொன்னார், எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான். நாற்பத்து நான்கு வயதில் முதல் வண்டி. பக்கத்து வீட்டு எஸ்தரின் ஸ்கூட்டியில் இரண்டு மாதம் பழகியது தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை. ஸ்டாண்டை எடுத்ததும், காலையில் போலவே, வண்டி ஓடத் தயாரா இல்லையா என்றே தெரியவில்லை, ஒரு சத்தமும் இல்லை, ஒரு நடுக்கமும் இல்லை, அணைந்துபோன அடுப்பின் முன்னால் நிற்பது மாதிரி இருந்தது. கையைத் திருகியதும் நகர்ந்தது. நான் திருகியதால்தான் நகர்ந்ததா என்று ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், நான் அலுவலகத்தில் அட்மிஷன் வேலையில் இருந்தேன். மதுரையில் வைத்தியம் முடிந்து வந்ததும் அவர் சேம்பாறையில்தான் இருப்பேன் என்றுவிட்டார், அது அவர் கட்டிய வீடு, அங்கே அம்மாவும் இல்லை, நாங்களும் இல்லை, சுற்றிலும் பூண்டுப் பாத்திகளும் பேரிக்காய் மரங்களும்தான். காலையும் மதியமும் பக்கத்து வீட்டுத் தனம் அக்கா பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம்தான் யாரும் இல்லை. சாயங்காலம் கீழே போகிற பஸ் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில்தான் மேலே வரும், அதில் போனால் நானும் தங்க வேண்டியதுதான், அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் ஜீப்பில் போய் அதே ஜீப்பில் திரும்பி வருகிறேன், டிரைவர் வெளியே நின்று ஹார்ன் அடிப்பதற்குள் சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, கட்டிலில் படுக்கவைத்து. ஜீப் வாடகை ரொம்ப நாளைக்குக் கட்டுப்படியாகாது. கோயம்புத்தூரிலிருந்து இம்மானு, என் தம்பி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். "ஒண்ணு நீ அங்க போய் இருந்துக்கோக்கா, இல்ல அப்பாவ உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு, இப்படியே எத்தன நாளைக்கு" என்கிறான். அவன் கெட்டவன் இல்லை, அவன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் முடிவு சொல்கிறேன் என்றேன். மதுரையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சனிக்கிழமை ராத்திரி வரும்போது, உன் இஷ்டம் சுகிர்தா, உன் அப்பா, என்கிறார். என் இஷ்டம். இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும், அதை வாயால் சொல்லத்தான் முடியவில்லை. பெற்ற அப்பாவை என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்று எந்த வாயால் சொல்வது, அவர் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, படிக்கவைத்தார். அதனால்தான் இந்த முடிவை ஒரு வண்டியிடம் விட்டிருக்கிறேன். ஏறினால் நான் தினமும் போய் வருவேன். ஏறவில்லை என்றால் அவர் வருவார். இது யாருக்கும் தெரியாது, தமீமுக்கு நிச்சயமாகத் தெரியாது, அவர் பாவம் எந்தக் கலர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டவுனைத் தாண்டியதும் சாலை கீழே விழ ஆரம்பித்தது. யூகலிப்டஸ் வாசனை, ஈர மண் வாசனை, முகத்தில் காற்று, சக்கரத்தின் அடியில் சருகு நொறுங்குவதுகூடக் கேட்கிறது, ஒரு குருவி கத்தியது கேட்டது, அது இந்தச் சாலையில் எப்போதும் கத்தியிருக்கும், பஸ்ஸிலும் ஜீப்பிலும் எனக்குக் கேட்டதில்லை. வண்டியில் போகும்போது குருவிச் சத்தம் கேட்பது ஏனோ கொஞ்சம் பயமாக இருந்தது. வண்டி என்றால் சத்தம். எனக்கு வண்டி என்றால் அப்பாவின் ராஜ்தூத்தின் சத்தம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், மலை முழுக்க அந்த பைக்கில் சுற்றுவார், சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே சத்தம் கேட்டுவிடும், பள்ளத்தாக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போடும். கேட்ட உடனே அம்மா ரேடியோவை நிறுத்துவாள், முகத்தைத் துடைத்துக்கொள்வாள், இம்மானு கோலிக்குண்டுகளை டவுசர் பையில் போட்டுக்கொண்டு புத்தகத்தை எடுப்பான், நான் செருப்புகளை வரிசையாக வைப்பேன். வளைவில் கியர் மாற்றுவதை வைத்து எனக்கு எல்லாம் தெரியும். மெதுவாக மாற்றினால் அன்றைக்கு வேலை நல்லபடியாக முடிந்திருக்கிறது. மாற்றாமல் இழுத்து, இன்ஜின் திணறி, கடைசியில் படாரென்று மாற்றினால் யாரோ மேலதிகாரி ஏதோ சொல்லியிருக்கிறார், அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கூடவோ குறையவோ இருக்கும், எப்படி இருந்தாலும் இருக்கும். அவர் கத்தமாட்டார். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எங்கள் ஒவ்வொருவரையாகப் பார்ப்பார், அவ்வளவுதான், அந்தப் பார்வை போதும். எங்க வீட்ல சத்தமே இருக்காது சார், ரொம்ப அமைதியான குடும்பம் என்று அப்பா யாரிடமோ பெருமையாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு எப்படித் தெரியும். அவர் சத்தம் வருவதற்கு முன்னால் அந்த வீடு எப்படி இருந்தது என்று அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாமல் அவள் செத்துப்போனாள். இப்போதும் பள்ளிக்கூடத்து வாசலில் யாராவது பழைய பைக்கில் போனால் என் கை மேஜையில் இருக்கிற பேனாக்களை நேராக்குகிறது, நான் சொல்லி அல்ல, அதுவாக. பரவாயில்லை, எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு அப்பா எங்கள் வீட்டில் வந்து இருந்தபோது, அப்போது அவருக்கு நோய் எதுவும் இல்லை, ஹெலன், வாய் ஓயாத என் மகள், குளியலறையில்கூட போனில் பேசுகிறவள், அவர் உள்ளறையிலிருந்து இருமுகிற சத்தம் கேட்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. நான் அடுப்படியில் நின்றுகொண்டு, இது ரத்தத்தில் வருகிறதா என்று நினைத்துக்கொண்டேன், தோசை கருகியது.

பாலத்தைத் தாண்டி, வளைவைத் தாண்டி, வீட்டு வாசல்வரை வந்து நின்றும் யாருக்கும் தெரியவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை, படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அப்பா முற்றத்தில் வெயிலில் நாற்காலி போட்டு எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், போட்டுக்கொண்டிருந்தார் என்பதைவிட முயன்றுகொண்டிருந்தார், இடது கை பொத்தானைத் தள்ளுகிறது, வலது கை துவாரத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அது பிடிக்க மாட்டேன் என்கிறது, நழுவி மடியில் விழுகிறது. அதை இடது கையால் எடுத்து மறுபடி மேலே வைத்து, "கொஞ்சம் பிடி" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை, வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தேன். "அவ்வளவுதான். கொஞ்ச நேரம். பிடிச்சுக்கோ." தன் கையிடம் பேசுகிறார். நோய்க்குப் பிறகு அவர் பேச்சில் வார்த்தைகள் ஒரு பக்கமாக வழுக்கும், இருந்தும் அந்தக் குரல் அத்தனை பொறுமையாக இருந்தது, காய்ச்சல் வந்த குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற குரல், அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கே வைத்திருந்தார் அதை. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போலவும், பார்க்க வேண்டியதை முதல் தடவையாகப் பார்ப்பது போலவும் இருந்தது. பிறகு என் செருப்பின் கீழே கல் நகர்ந்தது, அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பியதும் வலது கையை மடியில் கிடந்த போர்வைக்குள் தள்ளினார், வாயைத் துடைத்துக்கொண்டார், முதுகை நிமிர்த்தினார், தொண்டையைச் செருமினார். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமாக. வண்டியைப் பூட்டுவதுபோலக் குனிந்து அவருக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தேன்.

"யாரு?" என்றார். "நான்தாம்ப்பா, சுகி." "சத்தமே கேக்கல." "கரண்டு வண்டிப்பா. ஓட்டிப் பாக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்." கரண்டு என்றதும் அவர் முகம் மாறியது, லைன்மேனுக்கு அது சொந்தக்காரர் பெயரைக் கேட்டது மாதிரி, வண்டியை மேலும் கீழும் பார்த்தார். பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றி இடது கையில் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "மேடு ஏறுமா?" என்றார். "அதப் பாக்கத்தான் வந்தேன்." "ஏறலன்னா?" நாய் எழுந்து வந்து சக்கரத்தை மோந்து பார்த்தது. "உன் வீட்டுக்கு வரச் சொல்றான் இம்மானு. போன்ல சொன்னான். சரின்னுட்டேன்" என்றார் அப்பா. சரி என்றுவிட்டாரா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறார்கள், கோபம் வந்தது, கோபம் வந்ததும் பயம் வந்தது, இத்தனை வயதுக்குப் பிறகும். அவர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு பூண்டுப் பாத்தியைப் பார்த்தபடி சொன்னார், "ஆனா அந்தப் பிள்ள பேசாதே." "எந்தப் பிள்ள?" "ஹெலன். போன தடவ நான் வந்திருந்தப்ப வாயே தெறக்கல. நான் இருமுனா எந்திரிச்சு ரூமுக்குள்ள போயிடுது." "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று என் நாக்கு உடனே சொன்னது, அதுவும் அதுவாகத்தான், பேனாக்களை நேராக்குகிற கைபோல. அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "அது வீட்டுல அது பேசட்டும்" என்றார். பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார். "நீ ஏறிப் பாரு. ஏறிட்டா போன் பண்ணு." போயிட்டு வர்றேம்ப்பா என்றேன். அவர் தலையை அசைத்தார். பொத்தான் இரண்டு இன்னும் திறந்தே இருந்தன, போட்டுவிடட்டுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை, அவர் போட்டுக்கொள்வார், அவருக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஏதோ பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

பாலத்திலிருந்து ஏற்றம். கையைத் திருகினேன், வண்டி ஏறியது, ம்ம் என்று ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான். பாட்டரி எண் ஒவ்வொன்றாகக் குறைவதை என் கண் பார்த்துக்கொண்டே இருந்தது, ஆனால் மனம் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது. அது வீட்டுல அது பேசட்டும். அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து. ஹெலன் விஷயத்தில்தான் தெரிந்ததா, அல்லது எங்கள் விஷயத்திலும் தெரியுமா, அவர் உள்ளே வரும்போது அம்மாவின் ரேடியோ இன்னும் சூடாக இருந்திருக்கும், அதை ஒரு நாளாவது தொட்டுப் பார்த்திருப்பாரா. தெரிந்தே எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா. தெரிந்தும் இருந்தார் என்றால் அது ஒரு மாதிரி, தெரியாமல் இருந்தார் என்றால் அது வேறு மாதிரி, எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டிலும் அம்மா பாடுவதை நிறுத்தத்தான் செய்தாள். அது வீட்டுல, என்றார். எங்கள் வீடு யார் வீடாக இருந்தது. இப்படிச் சுற்றிக்கொண்டே வளைவில் திரும்பியபோது சாலையின் நடுவில் காட்டுமாடு நின்றது. ஒன்றல்ல, பெரியதன் மறைவில் ஒரு கன்றும். பிரேக்கைப் பிடித்தேன். மிகவும் பக்கத்தில் வந்துவிட்டேன், வேறு வண்டி என்றால் அது கீழேயே சத்தம் கேட்டு ஒதுங்கியிருக்கும், அல்லது நான் சுதாரித்திருப்பேன், இது எனக்கும் தெரியாமல் அதற்கும் தெரியாமல் எங்களை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அது நிமிர்ந்து பார்த்தது. கறுத்த உடம்பு, வெள்ளைக் காலுறை போட்டது மாதிரி கால்கள், மூக்கிலிருந்து ஆவி. ஹார்ன் அடிக்கக் கூடாது என்று இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். பிரேக்கை விட்டாலும் வண்டி பின்னால் உருளாது என்று தமீம் சொல்லியிருந்தார், இருந்தாலும் நான் இரண்டு பிரேக்கையும் விடவில்லை, விரல்கள் மரத்துப்போயின. பயம் இருந்தது, ஆனால் அது சுத்தமான பயம், அதில் யாருடைய மனநிலையையும் கணிக்க வேண்டியதில்லை, செருப்பை வரிசையாக வைக்க வேண்டியதில்லை. அசையாமல் இருந்தால் போதும். அந்த மாடு என்னைத் திடுக்கிட்டுப் பார்த்ததே தவிரக் கோபமாகப் பார்க்கவில்லை, முன்னறிவிப்பே இல்லாமல் வாசலில் வந்து நின்றால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அடுத்த தடவையிலிருந்து வீட்டு வளைவில் ஒரு தடவை மெதுவாக ஹார்ன் அடித்துவிட வேண்டும் என்று தோன்றியது, அப்பாவுக்குச் செருமிக்கொள்ள நேரம் வேண்டும். அடுத்த தடவை என்று நான் நினைத்ததை நானே கவனித்தேன்.

கன்று முதலில் சரிவில் இறங்கியது. பெரியது இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பின்னாலேயே போனது, கிளைகள் முறிகிற சத்தம் கேட்டு ஓயும்வரை காத்திருந்தேன். இனிமேல்தான் உண்மையான சோதனை. ஓடிக்கொண்டிருக்கிற வண்டி மேட்டில் ஏறுவது பெரிதில்லை, நட்ட நடு ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டி கிளம்ப வேண்டும், அந்த வளைவைவிடச் செங்குத்தான இடம் இந்தச் சாலையில் இல்லை, என் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து கீழே இழுக்கின்றன, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. பிரேக்கை விடாமல் கையைத் திருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம். நடக்கவில்லை. அவ்வளவுதானா, அப்படியானால் முன்னறையைக் காலி செய்ய வேண்டும், கட்டிலை ஜன்னல் பக்கம் போட வேண்டும், ஹெலனின் மேஜையை எங்கே வைப்பது என்று அந்த ஒரு நொடிக்குள் முழு வீட்டையும் மாற்றி அடுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, பிரேக்கைப் பிடித்திருக்கும்வரை மோட்டார் இழுக்காது, பிடித்துக்கொண்டே திருகாதீர்கள் என்று தமீம் காலையிலேயே சொல்லியிருந்தார். விட வேண்டும். விட்டுவிட்டுத் திருக வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வண்டி ஒரு சாண் பின்னால் போனது மாதிரி இருந்தது, போகவில்லை. பின் சக்கரத்தின் அடியில் ஒரு கல் தெறித்தது, முனகல் கனத்தது, வண்டி நடக்கிற வேகத்தில் மேலே நகர்ந்தது, பிறகு அதைவிடக் கொஞ்சம் வேகமாக, வளைவு திரும்பியது, அடுத்த வளைவும் திரும்பியது. நான் வாயால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். என்ன சொல்கிறேன் என்று கவனித்தபோதுதான் கேட்டது, கொஞ்சம் பிடி, அவ்வளவுதான், கொஞ்ச நேரம்.

மேலே சமதரை வந்ததும் ஓரமாக நிறுத்தி அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்க நேரமானது, இடது கையால் எடுக்க வேண்டும். "ஏறிடுச்சுப்பா" என்றேன். "ம்" என்றார். அந்தப் பக்கம் நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "சார்ஜ் எவ்வளவு மிச்சம்?" எண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது, வாழ்நாள் முழுக்கக் கம்பியில் எவ்வளவு கரண்டு போகிறது என்று கணக்குப் போட்டவர். "போதும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "குளிர்ல கொறையும். டிசம்பர் மாசம் மட்டும் பாத்துக்க" என்றார். வைத்துவிட்டார். சந்தோஷமா வருத்தமா என்று குரலில் தேடினேன், அந்தக் கியர் மாற்றத்தில் தேடியதுபோலவே தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை, போனை வைத்த பிறகும் தேடிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இம்மானுவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். தமீமைக் கூப்பிட்டு இந்த வண்டியே இருக்கட்டும் என்றேன், கலர் என்னக்கா என்றார், இருக்கிற கலரே போதும் என்றேன்.

ஷோரூமுக்குப் போகிற வழியில்தான் வீடு. இன்னும் நேரம் இருந்தது, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் நிறுத்தினேன். சனிக்கிழமை, ஹெலன் வீட்டில் இருந்தாள். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே அவள் குரல், போனில் யாரிடமோ, கெமிஸ்ட்ரி டீச்சர் தும்முவதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், நடித்துவிட்டு அவளே சிரித்தாள், எதையோ தட்டிக்கொண்டு சிரித்தாள், பாத்திரம் உருண்டது. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியும், இருந்தாலும் கால் நகரவில்லை, என் வீடு நான் இல்லாதபோது இப்படித்தான் இருக்கிறது. உள்ளே போனால் நின்றுவிடுமோ. அந்த எண்ணம் வந்ததும் கதவுப் பிடியில் வைத்த கை தயங்கியது, அந்த மேட்டைவிட இது செங்குத்தாக இருந்தது. திறந்தேன். ஹெலன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவுமில்லை, "இருடி இன்னும் கேளு" என்று போனில் சொல்லிக்கொண்டே, எனக்கு உட்கார இடம்விட்டு அந்த நாற்காலியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.